அந்திரேயின் வீழ்ச்சி: 1980களின் மல்யுத்த ஒளிநாடாக்கள் கூறும் வரலாறு

தொழில்முறை மல்யுத்தத்தின் வெற்றி தோல்விகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவன என்பது இன்று எவருக்கும் இரகசியமன்று. அமெரிக்காவின் உலக மல்யுத்த சம்மேளனத்தினரே 1989 இல் நியூ ஜேர்சி மாநிலச் சட்டவாக்கசபையின் முன் இதனை ஒப்புக்கொண்டனர். விளையாட்டுப் போட்டிகளுக்குரிய கண்காணிப்பிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெறுதலே அவர்தம் நோக்கம். உண்மை பேசுவதில் அவர்களுக்குத் திடீரெனப் பற்று உண்டாகிவிடவில்லை. இக்காரணத்தால் அக்கால ஒளிநாடாக்களை வெறும் பொய்க்காட்சி எனத் தள்ளிவிடுவோர் உளர். ஆயின், மெய்க்கீர்த்தியை ஆராய்பவன் மன்னன் வென்ற நாடுகளின் பட்டியலை அப்படியே நம்புவதுமில்லை, அக்கல்லை உடைத்தெறிவதுமில்லை. ஒளிநாடாவும் அவ்வாறே வாசிக்கப்படவேண்டியதொரு சாசனமாகும்.

இவற்றை வாசிப்பதற்கு முன் இவை எதற்காகப் பதிவு செய்யப்பட்டன என்பதை அறிதல் வேண்டும். 1948 இல் அமைந்த தேசிய மல்யுத்தக் கூட்டணியின் கீழ் வட அமெரிக்காவின் பெரும்பகுதி பிரதேசங்களாகப் பிரிந்திருந்தது. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் புகுவதில்லை என்பது பொது வழக்கு. உள்ளூர்த் தொலைக்காட்சியின் சிறு கலையகத்தில் நடைபெற்ற நிகழ்ச்சி, பெரிய அரங்கின் நுழைவுச்சீட்டை விற்பதற்கான விளம்பரமேயன்றி வேறன்று. எனவேதான் 80களின் முற்பகுதிக்குரிய ஒளிநாடாக்களிற் பல, புகழ்பெற்ற வீரரொருவர் பெயரறியா ஒருவரைச் சில நிமிடங்களில் வீழ்த்துவதையே காட்டுகின்றன. பெரிய மோதல் கட்டணம் செலுத்தியவனுக்கே உரியது. 1982 இல் தந்தையின் நிறுவனத்தை விலைக்கு வாங்கிய வின்சன்ற் மக்மான் இந்த எல்லைகளை மீறினார். அற்லாண்டாவிலிருந்து கேபிள் வழியே நாடெங்கும் சென்ற ஒளிபரப்பில், ஜோர்ஜியா மல்யுத்தத்துக்குரியதாயிருந்த சனிக்கிழமை நேரத்தை 1984 யூலை 14 இல் அவர் கைப்பற்றியபோது பழைய நேயர்கள் கொதித்தெழுந்தனர். ஆயினும் காலம் அவர் பக்கமே நின்றது.

இம்மாற்றத்தின் உச்சம் 1987 மார்ச் 29 இல் மிச்சிகன் மாநிலத்துப் பொன்ரியாக் சில்வர்டோம் அரங்கில் நிகழ்ந்தது. மூன்றாவது றெசில்மேனியாவின் இறுதிப் போட்டியில் சம்பியன் ஹல்க் ஹோகனை, 'இராட்சதன்' எனப் பட்டஞ் சூட்டப்பெற்ற பிரான்ஸ் நாட்டு அந்திரே எதிர்கொண்டார். வந்தோர் தொகை 93,173 என அறிவிக்கப்பட்டது. பத்திரிகையாளர் டேவ் மெல்ற்சர் அது 78,000 அளவினதே என வாதிட்டுள்ளார். எண்ணிக்கையைவிட முக்கியமானது போட்டிக்கு முன்னர் வாரந்தோறும் சொல்லப்பட்ட கதை. அந்திரே 15 ஆண்டுகளாகத் தோல்வியே காணாதவர். அவரைத் தூக்கி நிலத்தில் அறைந்தவர் எவருமிலர். அவரும் ஹோகனும் நெடுநாள் நண்பர்கள். இவையே அக்கதையின் மூன்று தூண்கள்.

மூன்றையும் பழைய ஒளிநாடாக்களே சாய்த்துவிடுகின்றன. 1980 ஓகஸ்ட் 9 இல் நியூ யோர்க் ஷியா அரங்கில் இவ்விருவரும் மோதினர். அன்று அந்திரேயே நாயகன். ஹோகன் மக்கள் வெறுத்த வில்லன். வென்றவர் அந்திரேயாயினும், ஹோகன் அவரைத் தூக்கி அறைந்த காட்சி பதிவாகியுள்ளது. 1981 இல் ஜப்பானில் ஸ்ரான் ஹான்சனும் அதனைச் செய்தார். 1986 இல், அதாவது அந்திரேக்குத் 'தோல்வியறியாதவர்' என்ற விருது தொலைக்காட்சியில் வழங்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், நாகோயா நகரில் அன்ரோனியோ இனோக்கியின் பிடிக்கு அவர் பணிந்து தோற்றிருந்தார்.

இத்துணை வெளிப்படையான பொய் எவ்வாறு நின்றது? மக்களின் அறியாமை என்று கூறுதல் எளிது, ஆனால் போதாது. பிரதேச முறையில் ஓரிடத்து நிகழ்வு பெரும்பாலும் மற்றோரிடத்துக்கு எட்டவில்லை. ஒளிநாடா விலையுயர்ந்த பண்டமாதலால் உள்ளூர் நிலையங்கள் பல அதனை அழித்து மீண்டும் பயன்படுத்தின. பழையதை மறந்த ஒரு நாட்டுக்கு முழுமையாக ஒளிபரப்பும் ஆற்றல் பெற்ற ஒரு நிறுவனம், தான் விரும்பிய இறந்தகாலத்தையும் சேர்த்தே ஒளிபரப்பிற்று. அந்நிறுவனமே 2001 இல் தன் பெரும் போட்டியாளரை விலைக்கு வாங்கியபோது அதன் ஒளிநாடாக் களஞ்சியமும் அதன் கைக்கு வந்தது. தோற்றவனின் ஆவணக்காப்பகம் வென்றவனிடம் இருக்கின்றது என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

பொய் சொல்லாத பகுதியும் அந்த ஒளிநாடாவில் உண்டு; அது அந்திரேயின் உடல். வளர்ச்சிச் சுரப்பு மிகுதியால் என்புகள் ஓயாது பருக்கும் நோய் அவருக்கிருந்தது. போட்டிக்குச் சில மாதங்களின் முன் முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அவர், உடைக்குள் இடுப்புப் பட்டி அணிந்தே மற்களம் ஏறினார். தொடக்கத்திலேயே ஹோகன் அவரைத் தூக்க முயன்று, பாரந் தாங்காது அவர் கீழே சரிகிறார். மத்தியஸ்தரின் எண்ணிக்கை இரண்டைத் தாண்டுகிறது. பின்னர் நெடுநேரம் கரடிப்பிடி. அதே இரவில் றன்டி சவேஜும் றிக்கி ஸ்ரீம்போற்றும் நிகழ்த்திய விரைவு மிக்க மோதலோடு ஒப்பிட்டு, இறுதிப் போட்டியை மந்தமானதென விமர்சகர் பலர் பழிப்பர். அப்பழிப்பு பார்வைக் குறைபாடே. அந்திரே கயிற்றைப் பற்றி நிற்குமிடங்களைக் கவனிப்போர், ஓய்வு தேடும் ஒரு மனிதனையே காண்பர். சுமார் 12 நிமிடங்களில் ஹோகன் அவரைத் தூக்கி அறைந்து வெல்கிறார். தூக்கப்படுபவன் இசையாவிடின் அத்தகைய உடலை ஒருவராலும் அவ்வாறு தூக்க இயலாது. ஆகவே அந்தப் புகழ்பெற்ற கணத்தில் உழைத்தவர் இருவர். புகழ் ஒருவருக்கே சென்றது.

1988 பெப்ரவரி 5 இல் மீள்போட்டி தேசியத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. பார்த்தவர் 3 கோடியே 30 இலட்சம் பேர் என்பர். ஹோகனின் தோள் நிலத்தைத் தொடாதிருந்தும் மத்தியஸ்தர் மூன்றை எண்ணி முடித்தார். அவர் நியமிக்கப்பட்ட மத்தியஸ்தரின் இரட்டைச் சகோதரர் என்ற திருப்பம் அதனையடுத்து வந்தது. கதை வளர வளர அந்திரேயின் அசைவுகள் குறைந்துகொண்டே போவதை அடுத்தடுத்த ஒளிநாடாக்களிற் காணலாம். 1990 ஏப்ரல் 1 இல் ரொறன்ரோவில் அவர் இணைப்போட்டியொன்றில் பங்குபற்றினார். துணைவரான ஹாக்குவே முழுவதும் போராட, அந்திரே கயிற்றுக்கு வெளியே நின்றார். முறைப்படி ஒருமுறையேனும் உள்ளே அழைக்கப்படவில்லை. 1993 சனவரியில், தந்தையின் இறுதிச் சடங்கிற்காகத் தாயகம் சென்றிருந்த வேளையில், பாரிஸ் நகரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 46.