டோரத்தி தூங்காத மதியம்

1931 டிசம்பர். அமெரிக்காவில் வங்கிகள் வரிசையாகத் திவாலாகிக்கொண்டிருந்த நேரம். சொந்தத் தொழில் தொடங்க அதைவிட மோசமான காலம் கிடைக்காது. டெட் ஹஸ்டெட் என்ற இளம் மருந்தாளுநர் அப்போதுதான் ஒரு மருந்துக்கடையை விலைக்கு வாங்கினார். முதல், அப்பா விட்டுப்போன 3,000 டாலர். அதை வைத்துக்கொண்டு அவரும் மனைவி டோரத்தியும் ஃபோர்டு மாடல் டி காரில் நெப்ராஸ்காவையும் தெற்கு டகோட்டாவையும் சல்லடை போட்டுச் சலித்திருந்தார்கள். ஊர் சிறியதாக இருக்க வேண்டும், தினமும் பூசை காண ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் இருக்க வேண்டும், இவ்வளவுதான் நிபந்தனை. தெற்கு டகோட்டாவின் மேற்கே, வால் என்ற ஊரில் இரண்டும் இருந்தன. வாடிக்கையாளர்கள்தான் இல்லை.

சில நூறு பேர் வசித்த ஊர். பலர் வறட்சியில் நொடித்துப்போன விவசாயிகள். சொந்தபந்தங்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். தம்பதி தங்களுக்குள் ஒரு கெடு வைத்துக்கொண்டார்கள்: ஐந்து வருடம். அதற்குள் தேறாவிட்டால் கடையைக் கட்டிவிடுவது. வீடு பார்க்கவும் காசில்லை. கடையின் பின்பகுதியில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் நான்கு வயது மகன் பில்லோடு குடித்தனம் நடத்தினார்கள். நான்கரை வருடம் ஓடியது. பில்லுக்கு ஒன்பது வயதாகி, தொட்டிலுக்கு ஒரு பெண் குழந்தையும் வந்துவிட்டது. கல்லாப்பெட்டி மட்டும் நிறையவே இல்லை.

1936 ஜூலை. அந்த மாதம் 5ஆம் தேதி, அதே மாநிலத்தின் கேன் வேலி என்ற ஊரில் வெயில் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. தெற்கு டகோட்டாவில் அதற்கு மேல் இன்றுவரை ஏறியதில்லை. அப்படிப்பட்ட கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், டெட் கடையில் உட்கார்ந்து செய்தித்தாளைச் சுருட்டி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நிஜமாகவே ஈதான். குழந்தைகளைத் தூங்கவைத்துத் தானும் கொஞ்சம் கண்ணயரலாம் என்று உள்ளே போன டோரத்தி, ஒரு மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டாள். முகத்தில் தூக்கம் இல்லை, வேறெதுவோ இருந்தது.

பக்கத்து நெடுஞ்சாலையில் போன ஓட்டை உடைசல் கார்களின் கடகடப்பு அவளைத் தூங்கவிடவில்லை. புரண்டு படுத்தபடி அவள் யோசித்திருந்தாள்: இத்தனை பேர் எங்கே போகிறார்கள்? பேட்லாண்ட்ஸ் பாறைகளைப் பார்க்க, மலையில் ஜனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கிக்கொண்டிருந்த ரஷ்மோருக்கு, அதையும் தாண்டி யெல்லோஸ்டோனுக்கு. குளிர்சாதனம் இல்லாத கார்கள். ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். புல்வெளியைக் கடந்து வரும் அந்த ஜனங்களுக்கு அந்த நேரத்தில் என்ன வேண்டும்? மருந்தா? குடிக்க ஜில்லென்று தண்ணீர்! கடையில் ஐஸ் இருந்தது, தண்ணீர் இருந்தது. சாலையோரம் பலகை நட்டு, ஐஸ் தண்ணீர் இலவசம் என்று எழுதிவைத்தால் என்ன என்றாள் டோரத்தி. எழுதவேண்டிய வாசகத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தாள்.

அந்த உத்தி அவளுடையதல்ல. பர்மா ஷேவ் என்ற சவரக் கிரீம் கம்பெனி 1925 முதல் சாலையோரங்களில் வரிசையாகச் சிறு பலகைகளை நட்டுவந்தது. பலகைக்கு இரண்டு மூன்று சொல். கார் ஓட ஓட ஒரு குறும்புப் பாட்டு முழுதாகிவிடும். டோரத்தி அந்த அச்சில் தன் சரக்கை வார்த்திருந்தாள். டெட்டுக்குக் கூச்சம். பச்சைத் தண்ணீரை விளம்பரம் செய்யவா மருந்தியல் படித்தது? ஆனாலும் ஒரு பள்ளிக்கூடப் பையனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஓரடிக்கு மூன்றடிப் பலகைகளில் எழுதினார். வாரக் கடைசியில் இருவரும் போய் நெடுஞ்சாலையில் இடைவெளி விட்டு நட்டார்கள். கடைசிப் பலகையையும் நட்டுவிட்டுத் திரும்பிய டெட், கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

அவருக்கு முன்னால் கார்கள் வந்து சேர்ந்திருந்தன. உள்ளே டோரத்தி ஒற்றை ஆளாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள். ஐஸ் பாளத்தை உடைப்பதும் தம்ளரில் போட்டு நீட்டுவதுமாக அன்றைய பொழுது போனது. அந்நாளைய அமெரிக்க மருந்துக்கடைகளில் ஐஸ்கிரீமும் சோடாவும் விற்பது வழக்கம். இலவசமாகத் தண்ணீர் குடித்தவர்கள் வெறுங்கையோடு வெளியேறக் கூச்சப்பட்டார்களோ என்னவோ, ஐஸ்கிரீம் வாங்கினார்கள். சிலர் ஜாடியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வழி கேட்டுப் போனார்கள். அடுத்த கோடையில் கடைக்கு எட்டுப் பெண்களை வேலைக்கு வைக்க வேண்டியிருந்தது. ஐந்து வருடக் கெடு என்ன ஆனது என்று கேட்க ஆளில்லை. பலகைகளோ மாநில எல்லையோடு நிற்பதாக இல்லை.

இரண்டாம் உலகப்போரில் கடல் கடந்த படைவீரர்கள், கடைக்கு இன்னும் எத்தனை மைல் என்று எழுதிய பலகைகளை ஐரோப்பாவில் நட்டார்கள். பிறகு லண்டன் சுரங்க ரயிலிலும் விளம்பரம் வந்தது. தென் துருவத்திலும் ஒரு பலகை முளைத்தது. 1951இல் பில், அவரும் மருந்தாளுநராகி, கடைக்கு வந்துசேர்ந்தார். எல்லாம் ஏறுமுகமாக இருந்த நேரத்தில்தான் வாஷிங்டனிலிருந்து இடி விழுந்தது.

1965இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் மனைவி முன்னின்று கொண்டுவந்த நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம், சாலையோர விளம்பரப் பலகைகளைக் குறிவைத்தது. பலகையை நம்பி வளர்ந்த கடை. பலகை போனால்? ஹஸ்டெட் குடும்பம் ஒரு சிற்பியைப் பிடித்தது. 1936இல், அதாவது டோரத்தி தூங்காத அதே வருடம், ராபிட் சிட்டி குன்றின்மேல் கான்கிரீட் டைனோசர்களை நிறுத்திய எம்மெட் சல்லிவன். புதிய நெடுஞ்சாலையோரம் அவர் எழுப்பிய 80 அடி டைனோசரை எந்தச் சட்டத்தாலும் பலகை என்று சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவில் கோடைக்குக் காரில் கிளம்பும் ஜோடிகள் மேற்கே போகும் வழியில் வண்டியை ஓரங்கட்டும் ‘வால் டிரக்’ இப்படிப் பிறந்ததுதான். எண்ணூறு பேர்கூட இல்லாத ஊருக்கு வருடத்துக்கு இருபது லட்சம் பேர் வருகிறார்கள். கொம்பு முளைத்த ராட்சச முயல்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தேனிலவுத் தம்பதிக்குக் காபியும் டோனட்டும் இலவசம். மற்றபடி காபி 5 சென்ட். தலைவலி மாத்திரை வேண்டுமென்றால் அதற்கும் உள்ளே ஒரு மருந்துக்கடை இருக்கிறது. தேடிக் கண்டுபிடிக்கத்தான் கொஞ்சம் நேரமாகும்.