வெள்ளி இழையில் தொடங்கிய வகுப்பறை

காஞ்சிபுரத்தில் வெள்ளியை இழையாக்குவது அதிசயம் இல்லை. பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசினால் ஜரிகை. பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் அது தினமும் ஓடுகிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் ஒருவர் வேறொரு வெள்ளி இழையைச் செய்தார். அது புடவைக்குப் போகவில்லை, மனித இதயத்தைப் பிடிக்கப் போனது.

1887இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அகஸ்டஸ் வாலர் என்ற ஆய்வாளர், மார்பைத் திறக்காமலே இதயத்தின் மின்சாரத்தைப் பதிவு செய்தார். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏறி இறங்கும் பாதரசம்தான் கருவி. ஜிம்மி என்ற அவருடைய புல்டாக் நாய் உப்புநீர்ச் சாடிகளில் பாதங்களை வைத்துப் பொறுமையாக நிற்கும். கூட்டம் வியந்து பார்க்கும். வாலருக்கோ நம்பிக்கை இல்லை. மருத்துவமனையில் இதற்குப் பெரிதாக வேலை இருக்காது என்றே பல ஆண்டுகள் கழித்தும் நினைத்தார். ஆனால் 1889இல் பாசெல் நகர மாநாட்டில் அவர் செய்துகாட்டியபோது, அதைக் கண்கொட்டாமல் பார்த்தவர்களில் 29 வயது டச்சுக்காரர் ஒருவர் இருந்தார்.

வில்லெம் ஐந்தோவன். ஜாவாத் தீவின் செமராங்கில் பிறந்தவர். தந்தையை இழந்து, சிறுவயதிலேயே தாயுடன் நெதர்லாந்து வந்து, லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். வாலரின் கருவியை அவரும் முயன்றார். பாதரசம் மந்தமாக நகர்ந்தது. வரைந்த கோடும் துல்லியமாக இல்லை. போதாக்குறைக்கு, கல் பாவிய தெருவில் குதிரை வண்டி போனாலே ஆய்வுக்கூடம் அதிர்ந்தது. அதிர்வைத் தடுக்கத் தரைக்குள் குழி தோண்டிப் பாறைகளை இறக்கினார். காஞ்சி நெசவாளருக்குக் குழித்தறியின் அருமை தெரியும். பாவம், ஐந்தோவனுக்குக் குழி கைகொடுக்கவில்லை. பாதரசத்தையே தூக்கிப் போட வேண்டும் என்று முடிவெடுத்தார். அதன் இடத்தில் எதை வைப்பது?

விடை ஒரு வில்லில் இருந்தது. உருகிய குவார்ட்ஸை ஓர் அம்பில் ஒட்டி எய்தால், அம்பு பறக்கும் வேகத்தில் அது கண்ணுக்கே தெரியாத நூலாக நீளும். இங்கிலாந்தின் சார்லஸ் வெர்னான் பாய்ஸ் கண்ட வித்தை இது. அந்த நூலுக்கு வெள்ளி பூசி, வலிமையான இரு காந்த முனைகளுக்கு நடுவே ஐந்தோவன் தொங்கவிட்டார். இதயம் துடித்தது, இழை அசைந்தது, அதன் நிழல் ஒளிப்படத் தகட்டில் கோடாக விழுந்தது. 1900களின் தொடக்கத்தில் ஈ.சி.ஜி. பிறந்தது இப்படித்தான். கருவியின் எடை சுமார் 270 கிலோ, இயக்க ஐந்து பேர். மின்காந்தம் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓட வேண்டும். ஆய்வுக்கூடத்தை விட்டு அதை நகர்த்த வழியில்லை. நோயாளிகளோ ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி மருத்துவமனையில் கிடந்தார்கள்.

கருவி வராவிட்டால் என்ன, துடிப்பு வரட்டும் என்று தொலைபேசிக் கம்பியைப் பிடித்தார் ஐந்தோவன். 1905 மார்ச் 22 அன்று ஆரோக்கியமான ஒருவரின் இதயத் துடிப்பு அந்தக் கம்பி வழியே ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. கோட்டில் ஆர் அலை எனப்படும் உச்சி வழக்கத்தைவிட உயரமாக இருந்தது. பதிவுக்காக அந்த மனிதர் ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்குச் சைக்கிள் மிதித்துப் போயிருந்தார், அதுதான் காரணம் என்றார்கள். எங்கோ ஒருவரின் துடிப்பை வேறெங்கோ இருந்து வாசித்து, அதற்குக் காரணமும் சொன்ன நாள் அது. ஈ.சி.ஜி.யும் தொலைபேசியும் பிறந்த வீட்டிலேயே உறவானவை. 1924இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கருவி மேசைக்கு வந்தது, பெட்டிக்குள் அடங்கியது. ஆனால் கைபேசிக்குள் அது நுழைய, அந்த 1905க்குப் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

2010 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த டாக்டர் டேவிட் ஆல்பர்ட், ஐபோனை மின்முனைகள் பதித்த உறைக்குள் வைத்து, தன் ஈ.சி.ஜி.யைத் திரையில் ஓடவிட்டு யூடியூபில் போட்டார். சில நாட்களில் உலகம் முழுவதும் அதைப் பார்த்தது. 2012 இறுதியில் அமெரிக்க அரசின் அனுமதியும் வந்தது. ஆனால் கோட்டை வரைவது ஒரு வேலை, வாசிப்பது வேறு வேலை. வாசிக்கத் தெரிந்தவர்கள் பெருநகரங்களில் அல்லவா இருந்தார்கள்?

அந்தத் தூரத்தைத் தமிழ்நாடு எதிர்கொண்டது. கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் டாக்டர் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்ற திட்டத்தில் சிறிய மருத்துவமனைகள் பெரியவற்றோடு இணைக்கப்பட்டன. எடுத்த ஈ.சி.ஜி. நிபுணரின் கைக்கருவிக்குப் பறந்தது. 2,420 நோயாளிகளை ஆராய்ந்த முடிவு 2017இல் வெளியானது: மாரடைப்பு வந்தவர்களில் ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. 2018இல் மங்களூரின் டாக்டர் பத்மநாப காமத், கிராமத்து மருத்துவர்களையும் இதய நிபுணர்களையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். அனுப்பிய படத்துக்குப் பதில் வந்தது, கூடவே விளக்கமும் வந்தது. சிகிச்சைக்காகத் திறந்த கதவு வழியே வகுப்பறையும் உள்ளே நுழைந்துவிட்டது. அந்த வகுப்பில் நிபுணருக்கும் ஓர் இடம் இருந்தது.

நிபுணரும் ஏன் படிக்க வேண்டும் என்று காட்ட, ஆம்ஸ்டர்டாமின் டாக்டர் டி விண்டர் 2008இல் வெளியிட்ட ஓர் ஈ.சி.ஜி. வடிவமே போதும். வழக்கமான பெரிய மாரடைப்பில் ஈ.சி.ஜி.யின் எஸ்டி பகுதி அடிக்கோட்டுக்கு மேலே எழும்பி நிற்கும். இதிலோ அது அடிக்கோட்டுக்குக் கீழிருந்து சரிவாக ஏறி, உயர்ந்த கூம்பு போன்ற டி அலையில் முடியும். மேலே எழும்பவில்லையே, அவசரமில்லை என்று தோன்றலாம். உள்ளே இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் தரும் முக்கியக் குழாய் அடைபட்டிருக்கும். 2008க்கு முன் படித்து முடித்த நிபுணரின் பாடப்புத்தகத்தில் இதற்கு இடமில்லை. அதே ஆண்டு ஜூலையில்தான் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தது. அங்கே வந்து குவிந்த ஈ.சி.ஜி. செயலிகளில் இந்த மாதிரிக் கோடுகள் கேள்வியாக வந்தன. நிபுணர் விரலால் முடிவைத் தொட்டால், சரியா தவறா என்று அடுத்த திரை சொன்னது. ஐரோப்பிய இதயவியல் கழகமும் தன் வழிகாட்டி நெறிகளைச் செயலியாக்கியது.

அமெரிக்க இதயவியல் கல்லூரியின் செயலி, பத்தாண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பை நொடியில் கணக்கிட்டது. அந்தக் கணக்கு அமெரிக்கர்களை வைத்துப் போட்டது. முதல் மாரடைப்பு பிற நாட்டவருக்குச் சுமார் 59 வயதில் வந்தால், தெற்காசியருக்கு 53 வயதிலேயே வருகிறது என்று இன்டர்ஹார்ட் என்ற பன்னாட்டு ஆய்வு 2007இல் காட்டிவிட்டது. காஞ்சியில் குழித்தறியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரின் இதயத்துக்கும் ஒரு செயலி வேண்டும். அதற்கான கணக்கை நம் மருத்துவக் கல்லூரிகள்தான் போட வேண்டும்.