ஊக்கு, நாயுருவி, அரைஞாண் கயிறு: ஒரு டயாப்பர் வரலாறு

ரொம்ப நாளா கடைப்பக்கம் வரல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னிக்கு எழுதப் போற மேட்டரைப் பார்த்துட்டு சில பேர் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடலாம். ஓடாதீங்க மக்கா. என்னிக்காவது ஒரு நாள் உங்க வீட்லயும் இது தேவைப்படும். பெரியவங்களுக்குக் கட்டுற டயாப்பர் பத்தித்தான் பேசப் போறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க தாத்தா பசியாவரத்துக்காரர். பழவேற்காடு ஏரிக்குள்ள இருக்குற தீவு ஊர். வாழ்க்கை பூரா இறாலும் மடவையும் பிடிச்ச மனுஷன் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறிச்சுக்கிட்டார். ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வரும்போது கடையில ஒரு பாக்கெட் டயாப்பர் வாங்கினேன். சைஸ் கேட்டாங்க. பெருசா இருந்தா சேஃப்டின்னு நினைச்சு 'லார்ஜ்' சொன்னேன். பாக்கெட்டைக் கறுப்பு கவருக்குள்ள போட்டுத்தான் படகுல ஏறினேன். "என்னப்பா பார்சல்?"னு ஒருத்தர் கேட்க, "புக்கு"ன்னு சொல்லிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி மட்டும் மூணு தடவை பாய் நனைஞ்சுது. தாத்தா ஒரு வார்த்தை பேசல. சுவத்துப் பக்கமா முகத்தைத் திருப்பிக்கிட்டார். ஆயா விடிய விடிய துணி அலசினாங்க. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவனுக்கு நாலு ஒட்டுப்பட்டையை ஒழுங்கா ஒட்டத் தெரியல. அந்தக் கடுப்புலதான் இதோட வரலாற்றைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

உடம்புல துணி நிக்கணும், அதுவும் அசையுற உடம்புல. இதுதான் பிரச்சினை. நம்ம ஆளுங்க இதை எப்பவோ தீர்த்து வச்சிருக்காங்க. அரைஞாண் கயிறும் கோவணமும் எடுத்துக்குங்க. இடுப்பைப் பிடிக்கிற வேலை கயிறுக்கு, மறைக்கிற வேலை துணிக்கு. ரெண்டும் தனித்தனி. கயிறை அவங்கவங்க இடுப்புக்குத் தக்கபடி கட்டிக்கலாம், துணி எல்லாருக்கும் ஒண்ணுதான். ஸ்மால், மீடியம், லார்ஜ் தொல்லையே கிடையாது. பொட்டி தட்டுற பாஷைல சொன்னா, இது மாடுலர் டிசைன்.

எங்க ஊர்ப் பக்கத்துக்கு இதுல இன்னொரு பெருமையும் இருக்கு. டச்சுக்காரங்க 1613ல பழவேற்காட்டுல கெல்டிரியா கோட்டையைக் கட்டினதே முக்கியமா துணி வியாபாரத்துக்காக. இங்கேருந்து போன கட்டம் போட்ட துணிக்கு தென்கிழக்கு ஆசியாவுல ஏக கிராக்கி. இன்னிக்கும் மலேசியாவுல கட்டம் போட்ட லுங்கிக்குப் பேரு 'கைன் பெலிக்காட்'. அந்த 'பெலிக்காட்' நம்ம பழவேற்காடுதான். அதுக்கு ஊக்கு கிடையாது, பட்டன் கிடையாது. இடுப்புல ஒரு மடிப்பு, ஒரு சுருட்டு, அவ்ளோதான்.

ஆனா கோவணமும் லுங்கியும் எழுந்து நடமாடுறவங்களுக்கு. படுத்த படுக்கையா இருக்குறவங்களுக்கு நம்ம வீடுகள்ல கிடைச்சது பழைய வேட்டி, பழைய சேலை, அடியில ஒரு ரப்பர் ஷீட். கூடவே துவைக்க ஒரு பொம்பளை. இந்தக் கடைசி ஐட்டத்தை யாரும் கணக்குல சேர்க்கிறதில்ல.

மேற்குல கதை ஊக்குலேருந்து சூடு பிடிக்குது. வால்டர் ஹண்ட்னு ஒரு அமெரிக்கர், கடன் தொல்லையில கம்பியை முறுக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தப்ப நம்ம சேஃப்டி பின்னை உருவாக்கி, 1849ல காப்புரிமை வாங்கி, வெறும் 400 டாலருக்கு வித்துட்டார். அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல குழந்தைத் துணியைப் பிடிச்சு நின்னது அந்த ஊக்குதான். குத்தாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

அடுத்து மரியன் டோனவன். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச சமயம், கைக்குழந்தையோட அல்லாடிக்கிட்டு இருந்த அம்மா. 1946ல குளியலறைத் திரையைக் கிழிச்சு தையல் மெஷின்ல வச்சு, துணிக்கு மேல போடுற நீர் புகாத உறை ஒண்ணு தைச்சார். ஊக்குக்குப் பதிலா அழுத்துற பட்டன். கம்பெனிக்காரங்க யாரும் சீந்தல. 1949ல நியூயார்க்ல ஒரு பெரிய கடையில தானே விற்பனைக்கு வச்சார், பிச்சுக்கிட்டுப் போச்சு. 1951ல காப்புரிமை கிடைச்சதும் பத்து லட்சம் டாலருக்கு உரிமையை வித்தார். துவைக்கிறவங்க கையில தையல் மெஷின் இருந்ததால வந்த கண்டுபிடிப்பு இதுன்னு எனக்குத் தோணும்.

அதுக்கப்புறம் கதை பியோரியாங்கிற ஊருக்குப் போகுது. அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல இருக்கு. 1961ல பாம்பர்ஸ் முதன்முதலா விற்பனைக்கு வந்தது அங்கதான். அப்பவும் அதுக்கு ஊக்குதான் குத்தணும். ஒட்டுப்பட்டை பரவலானது 1970கள்ல. அதே பியோரியாவுல இருந்த அமெரிக்க விவசாயத் துறை ஆய்வுக்கூடத்துல, மாவுச்சத்தை வச்சு தண்ணியை உறிஞ்சுற ஒரு பொருளைக் கண்டுபிடிச்சாங்க. நிலத்துல ஈரம் காக்கிற மாதிரி விஷயங்களுக்குத்தான் அது முதல்ல பேசப்பட்டுது. அந்த வகைப் பொருளை 1980கள்ல டயாப்பருக்குள்ள கொண்டுபோனதுல ஜப்பான்காரங்க முன்னாடி நின்னாங்க. இன்னிக்கு டயாப்பரைக் கிழிச்சா உள்ளே சர்க்கரை மாதிரி கொட்டுதே, அந்தச் சரக்குதான். சுத்தமான தண்ணின்னா தன் எடையைப் போல நூத்துக்கணக்கான மடங்கு குடிக்கும். சிறுநீர்ல உப்பு இருக்குறதால அந்த அளவு ரொம்பக் குறைஞ்சிடும். உப்பங்கழி ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேணாம், உப்பு எல்லாத்தையும் மாத்திடும்.

ஒட்டுறதுக்கும் ஒரு கதை உண்டு. காட்டுப்பக்கம் போனா வேட்டியில நாயுருவி ஒட்டுமே, அதே மாதிரி ஒரு விதை 1941ல சுவிட்சர்லாந்துல ஜார்ஜ் டி மெஸ்ட்ரால்ங்கிறவரோட நாய் மேல ஒட்டிச்சு. அதை மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்தா குட்டிக் குட்டிக் கொக்கி. அதுலேருந்து வந்ததுதான் வெல்க்ரோ. ஒட்டி, பிச்சு, திரும்ப ஒட்டலாம்ங்கிறது டயாப்பர்ல எவ்ளோ பெரிய விஷயம்னு, ராத்திரி ரெண்டு மணிக்குப் பட்டையைக் கோணலா ஒட்டினவனைக் கேட்டுப் பாருங்க.

சரி, சைஸ் மேட்டர். 1961 மே 5ம் தேதி ஆலன் ஷெப்பர்ட் பறந்தது பதினஞ்சே நிமிஷம். அதனால ஒண்ணுக்குப் போறதுக்கு ஏற்பாடே பண்ணல. கிளம்பறதுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல லேட்டாக, மனுஷன் விண்வெளி உடைக்குள்ளயே போக வேண்டியதாச்சு. அப்புறம் ஆம்பளை வீரர்களுக்கு ரப்பர் உறை குடுத்தாங்க, மூணு சைஸ்ல. சின்ன சைஸை எந்த ஆம்பளை கேட்பான்? பெருசைக் கேட்டா ஒழுகும். நிலாப் பயணம் போன மைக்கேல் காலின்ஸ் தன் புத்தகத்துல எழுதுறார்: அந்த மூணு சைஸுக்கும் வீரர்கள் வச்ச பேர் 'ரொம்பப் பெருசு', 'பிரம்மாண்டம்', 'நம்பவே முடியாது'. சிரிச்சேன். அப்புறம்தான் உறைச்சுது. நான் தாத்தாவுக்கு வாங்கினதும் அதே 'லார்ஜ்'தான்!

மத்தபடி பெரியவங்களுக்கான டயாப்பர் சந்தைக்கு வர வெட்கம்தான் தடையா இருந்துது. அமெரிக்காவுல 1984ல டிபெண்ட் வந்தப்ப, ஜூன் அலிசன்ங்கிற பழைய ஹாலிவுட் நடிகையை டிவியில பேச வச்சு அந்த வெட்கத்தை உடைச்சாங்க. ஜப்பான்ல இன்னும் ஒரு படி மேல. ஓஜிங்கிற கம்பெனி 2024ல அந்த நாட்டுக்கான குழந்தை டயாப்பர் உற்பத்தியையே நிறுத்திட்டு, பெரியவங்க பக்கம் கவனத்தைத் திருப்பிடுச்சு. நம்ம நாட்டுல 2025 செப்டம்பர்ல டயாப்பருக்கான ஜிஎஸ்டியை 12லேருந்து 5 சதவீதமாக் குறைச்சாங்க. நல்ல விஷயம். ஆனா கறுப்பு கவர் மட்டும் இன்னும் மாறல.

இப்ப தாத்தா கதைக்கு வரேன். ரெண்டாம் நாள் டேப் எடுத்து இடுப்பை அளந்தேன். இடுப்பும் பின்பக்கமும், எது பெருசோ அந்த அளவுதான் கணக்கு, எடை இல்ல. ஒல்லி உடம்பு, மீடியமே போதும். அப்புறம் கத்துக்கிட்டது இது:

டயாப்பரை நீளவாக்குல மடிச்சு ஓடம் மாதிரி குழிவாக்கணும். முழங்காலுக்கு நடுவுல தலையணை வச்சு, நல்ல பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, பின்பக்கம் சொருகி, முன்பக்கம் இழுத்து விடணும். ஓரத்துல இருக்குற சுருக்குத்துணி வெளியே பார்த்து, தொடை மடிப்புல சரியா உட்காரணும். ஒழுகுறது பெரும்பாலும் அங்கதான். ஆம்பளைங்களுக்கு உறுப்பு கீழ்நோக்கி இருக்கணும், இல்லேன்னா இடுப்பு வழியா நனையும். கீழ்ப்பட்டை ரெண்டையும் முதல்ல, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ச்சு ஒட்டணும். அது தொடையைப் பிடிக்கும். அப்புறம் மேல்பட்டையைக் கீழ்நோக்கிச் சாய்ச்சு. அது இடுப்பைப் பிடிக்கும். கவனிச்சீங்களா, ரெண்டு வேலை, ரெண்டு பட்டை. நம்ம அரைஞாண் கயிறு லாஜிக்தான்.

எவ்ளோ இறுக்கணும்னு மட்டும் பிடிபடல. நான் முழிக்கிறதைப் பார்த்துட்டு ரெண்டு நாளா பேசாத தாத்தா வாயைத் திறந்தார். "படகைக் கட்டுற கயிறு மாதிரிடா. ரொம்ப இறுக்கினா அலைக்கு அறுந்துரும். தளர விட்டா படகு போயிரும். ரெண்டு விரல் போகணும், மூணாவது போவக் கூடாது."

பிறகு ஒரு புத்தகத்துலயும் இதைவிடத் தெளிவா நான் படிக்கல. அன்னிக்கு ராத்திரி பாய் நனையல. ஆயா விடியற வரைக்கும் தூங்கினாங்க.

அடுத்த வாரம் படகுல போறப்ப பாக்கெட்டைக் கவர்ல போடல, மடியில வச்சுக்கிட்டேன். ஊர்க்கார அக்கா ஒருத்தங்க பார்த்துக்கிட்டே வந்தாங்க. இறங்குற நேரத்துல பக்கத்துல வந்து மெல்ல கேட்டாங்க, "தம்பி, எங்க மாமியாருக்கு... இது எங்க கிடைக்கும்?" கரையில நின்னு பத்து நிமிஷம் சொல்லிக் குடுத்தேன், ரெண்டு விரல் கணக்கு வரைக்கும்.

பின்குறிப்பு: யூஸ் பண்ணினதை சுத்தி மடிச்சுக் குப்பைக்குத் தனியாக் குடுங்க. ஏரியில வீசிடாதீங்க. இறாலுக்கும் பூநாரைக்கும் அது தேவையில்ல.