தெறிப்பலையும் இடமறிதலும்

வானொலி அலைகொண்டு கப்பலின் திசையை அறிய முற்பட்டோருக்குத் தெறிப்பலை பெரும் இடையூறாகவே இருந்தது. இரவில் அயன்மண்டலத்தில் தெறித்து வந்த அலைகள் திசையைப் பிறழக் காட்டின. 1919இல் அட்கொக் காப்புரிமை பெற்ற அலைவாங்கி அவ்வழுவைக் களையவே எழுந்தது.

1935 பெப்ரவரி 26ஆந் திகதி இங்கிலாந்தின் டவென்றியில் இந்நிலை மாறிற்று. பீபீசீ நிலையத்தின் 49 மீற்றர் சிற்றலை, பறந்துசென்ற ஹேஃபோர்ட் விமானத்திற் பட்டுத் தெறித்ததை வாட்சன் வாட்டும் வில்கின்சும் கருவித் திரையிற் கண்டனர். இராடரின் வரலாற்றில் இதனினும் எளிய சோதனை அரிது. விமானமோ எவர் விருப்பிற்கும் இணங்கித் தெறிக்கவில்லை.

இன்று ஆராயப்படும் மாற்றியமைக்கத்தக்க தெறிபரப்புகளில், சிறு மூலகங்கள் ஒவ்வொன்றும் தெறிக்கும் அலையின் அவத்தையை மின்னால் மாற்றலாம். பரப்பின் இருப்பிடம் தெரிந்திருப்பின், நேர்வழி சுவரால் மறைக்கப்பட்ட கைப்பேசியையும், அப்பரப்பின் வழிவந்த அலையின் கோணமும் தாமதமும் காட்டிக்கொடுக்கும். அதனை வைத்திருப்பவர் சம்மதித்தாரா என்பதை அலை வினவாது.