1976 ஜூன்: ஒரு விளையாட்டுப் பத்திரிகையும் அதன் மேல் விழுந்த பழியும்

1/
1976 ஜூன் மாதம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்கிற சின்ன ஊரிலிருந்து ஒரு பத்திரிகை வெளிவந்தது. பெயர் "தி டிராகன்". அதன் முதல் இதழை இன்னைக்கு எடுத்துப் புரட்டினா சிரிப்பு வருது. மூணு நாலு வருஷம் கழிச்சு நடந்ததை நினைச்சா மனசு கனக்குது. ரெண்டையும் சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை மக்களே, டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2/
முதல்ல அந்தப் பத்திரிகை எந்த விளையாட்டுக்காக வந்ததுன்னு பார்ப்போம். "டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்", சுருக்கமா டி அண்ட் டி. "ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்" தொடர் பார்த்தவங்களுக்கு, அந்தப் பசங்க வீட்டு அடித்தளத்தில் மேசையைச் சுத்தி உட்கார்ந்து பகடை உருட்டுறது ஞாபகம் இருக்கும். அதேதான்.

3/
ஒருத்தர் கதை நடத்துவார். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தர் வாள்வீரன், இன்னொருத்தர் மந்திரவாதி. "குகைக்குள்ள நுழையறீங்க, இருட்டுல உறுமல் கேக்குது, என்ன பண்றீங்க?" இப்படித்தான் போகும். செய்ய நினைக்கிறது பலிக்குமா பலிக்காதான்னு பகடை சொல்லும். யாரும் ஜெயிக்கிறதும் இல்லை, தோக்குறதும் இல்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு கதையை உருட்டிக்கிட்டே போறாங்க, அவ்ளோதான்.

4/
உருவாக்கியது ரெண்டு பேர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். கைகாக்ஸ் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1970இல் அந்த வேலை போனது. பிறகு வீட்டிலேயே செருப்பு, ஷூ தைத்துக் குடும்பத்தை ஓட்டினார். ராத்திரியில் போர் விளையாட்டுக்கான விதிகளை எழுதுவார். ஆர்னசன் பக்கத்து மாநிலமான மினசோட்டாக்காரர். "பிளாக்மூர்" என்ற கற்பனை உலகத்தை வைத்து நண்பர்களோடு அங்கே ஆடிக்கொண்டிருந்தார். இவர் யோசனையும் அவர் விதிகளும் சேர்ந்துதான் டி அண்ட் டி.

5/
பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. 1973 அக்டோபரில் கைகாக்ஸும் பள்ளிக்கால நண்பர் டான் கேயும் டி.எஸ்.ஆர். என்று ஒரு நிறுவனம் ஆரம்பித்தார்கள். முதலீடு? டான் கே தன் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி மேல் கடன் வாங்கிய 1000 டாலர். அடுத்து பிரையன் புளூம் 2000 டாலரோடு வந்து சேர்ந்தார். 1974 ஜனவரியில் விளையாட்டு வெளியானது. முதல் பதிப்பு 1000 பெட்டிகள். கையால் அடுக்கி, கையால் ஒட்டியவை. ஒரு வருஷத்துக்குள் விற்றுத் தீர்ந்தது.

6/
1975 ஜனவரி கடைசியில் டான் கே மாரடைப்பில் இறந்துபோனார். வயசு 36.

கேசுவாலிட்டியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்த வரியைச் சும்மா தாண்டிப் போக முடியலை. பாலிசி மேல் கடன் வாங்கி ஆரம்பித்த தொழில் தலை தூக்குவதைப் பார்க்காமலே போயிட்டார் மனுஷன். 30களில் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: நெஞ்சு வலின்னா "கேஸ் தான்"னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. இசிஜி எடுக்க அஞ்சு நிமிஷம் போதும். சரி, கதைக்கு வருவோம்.

7/
விளையாட்டு பரவப் பரவ சந்தேகக் கடிதங்கள் குவிந்தன. முதல் பதிப்பின் விதிகள் அவ்வளவு குழப்பம்! பதில் சொல்ல 1975இல் "ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ" என்ற சின்னச் செய்திமடல் ஆரம்பித்தார்கள். ஏழு இதழோடு 1976 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டு, முழுப் பத்திரிகையாகவே கொண்டுவந்ததுதான் "தி டிராகன்". ஆசிரியர் டிம் காஸ்க். வியட்நாம் போர்க்காலத்தில் கடற்படையில் இருந்து, பிறகு கல்லூரி முடித்து, நேரா இங்கே வேலைக்கு வந்தவர்.

8/
முதல் இதழில் என்ன இருக்கு? ஃபிரிட்ஸ் லைபர் எழுதிய ஒரு பகுதி இருக்கு. வாள், மந்திரம் கலந்த சாகசக் கதைகளில் அப்போதே பெரிய பெயர் அவர். ஊர்ப்பேர் தெரியாத ஒரு பத்திரிகையின் முதல் இதழுக்கு அவரே எழுதிக் கொடுத்திருக்கார். ஒரு தொடர்கதையும் ஆரம்பிக்குது. ஆசிரியர் பெயர் "காரிசன் எர்ன்ஸ்ட்". அது வேற யாரும் இல்லை, நம்ம கைகாக்ஸ்தான், புனைபெயரில்! ஆள் பற்றாக்குறை உள்ள எல்லா சிறுபத்திரிகைக்கும் இந்தத் தந்திரம் தெரியும்.

9/
எனக்குப் பிடிச்சது "புலெட்" என்ற பூதம். ஆமை மாதிரி ஓடு, சுறா மாதிரி வாய், மண்ணுக்குள்ள துளைச்சுக்கிட்டு வந்து ஆளைப் பிடிக்கும். இது எங்கிருந்து வந்தது தெரியுமா? சில்லறைக் கடையில் பையில் போட்டு விற்கிற ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைகள். "டைனோசர்"னு சொல்லி வித்தாங்க, ஆனா எந்த டைனோசர் மாதிரியும் இருக்காது. கைகாக்ஸ் அதை வாங்கிவந்து மேசையில் வைத்து ஆட ஆரம்பித்தார். ஒவ்வொன்னுக்கும் பேர், குணம், பலம் எல்லாம் பின்னாடி எழுதினாங்க. புலெட்டை எழுதியது டிம் காஸ்க்.

10/
பகடை கதையும் இதே மாதிரிதான். நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகம் உள்ள பகடைகள் விளையாட்டுக் கடையில் கிடைக்காத காலம். பள்ளிக்கூடங்களுக்குக் கணிதக் கருவி விற்ற ஒரு நிறுவனத்திடம் வாங்கினார்கள். வடிவியல் வகுப்புக்கான பொருள் இங்கே அரக்கனைக் கொல்லப் பயன்பட்டது.

11/
டாக்டரா ஒரு சின்ன முறையீடு. இந்த விளையாட்டில் "ஹிட் பாயிண்ட்" என்று ஒன்று உண்டு, உயிர்ப் புள்ளி. அடி பட்டால் குறையும், பூஜ்யமானால் ஆள் காலி. தன்னுடைய கப்பல் போர் விளையாட்டிலிருந்து அதை எடுத்ததாக ஆர்னசன் சொல்லியிருக்கார். கப்பலுக்கு அது சரி. ஆனா மனுஷ உடம்பு? ஒரே ஒரு புள்ளி மிச்சம் இருக்கும்போதும் வீரர் முழுப் பலத்தோடு வாள் வீசுறார்! எங்க வார்டில் ரத்தம் அவ்வளவு போனவருக்கு எழுந்து உட்காரவே ரெண்டு பேர் பிடிக்கணும்.

12/
ஆனா சிலசமயம் இது உண்மையாகவும் படும். இளம் வயசு உடம்பு ரத்த இழப்பை ரொம்ப நேரம் மறைச்சுக் காட்டும். பிபி ஓரளவு நிக்கும், ஆள் பேசிக்கிட்டே இருப்பார், திடீர்னு சரிவார். வெளியே பார்க்க நல்லா இருக்கிறவருக்கு உள்ளே எத்தனை புள்ளி மிச்சம்னு பார்வையால் சொல்ல முடியாது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

13/
முதல் இதழில் இதுக்கு மேல பெரிசா எதுவும் இல்லை. பூதங்களுக்கு விவரக் குறிப்பு, பாத்திரங்களின் திறன்களைப் பகடையோடு எப்படிச் சேர்ப்பது என்று ஒரு கட்டுரை, மந்திரமும் விஞ்ஞானமும் பற்றிப் பேச்சு. வீட்டுப்பாடம் மாதிரி கணக்கு போட்டு ரசிக்கிற பசங்களுக்கான பத்திரிகை. நியாயமா இன்னொன்னும் சொல்லணும். அதே 1976இல் வந்த ஒரு துணைநூலில் அரக்கர்கள் விளையாட்டுக்குள் வந்தாச்சு. அதன் அட்டைப்படமும் பெற்றோர் முகம் சுளிக்கிற வகைதான். பயப்பட நினைச்சவங்களுக்குக் கையில் காட்ட ஏதோ இருந்தது.

14/
1979 ஆகஸ்ட். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் காணாமல் போனான். வயசு 16. அந்த வயசிலேயே கல்லூரிக்கு வந்த அதிபுத்திசாலி. குடும்பம் அமர்த்திய தனியார் துப்பறிவாளர், அவன் டி அண்ட் டி ஆடுவான் என்று தெரிந்ததும் ஒரு கருத்தைச் சொன்னார்: பல்கலைக்கழகத்தின் அடியில் ஓடும் நீராவிக்குழாய்ச் சுரங்கங்களில் விளையாட்டை நிஜமாக ஆடப்போய் மாட்டியிருக்கலாம். பத்திரிகைகளுக்கு இது போதாதா? நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி.

15/
உண்மை வேற. அந்தப் பையன் கடுமையான மனச்சோர்வில் இருந்தான். படிப்பு அழுத்தம், போதைப்பொருள், தனிமை. தன் வயசில் ஒருத்தர்கூட இல்லாத வகுப்பில் உட்கார்ந்திருந்தான். சுரங்கத்துக்குள் அவன் போனது உயிரை விடும் எண்ணத்தோடு. பிழைத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் வீட்டில் ஒளிந்து, கடைசியில் லூசியானா வரை போய்விட்டான். ஒரு மாசம் கழித்துக் கிடைத்தான். விளையாட்டுக்கும் அவன் மறைந்ததுக்கும் சம்பந்தம் இல்லை.

16/
அடுத்த வருஷம் 1980 ஆகஸ்டில் அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். 17 வயசு.

துப்பறிவாளர் முழு விவரத்தையும் புத்தகமாக எழுதியது 1984இல். அதுக்குள்ள சுரங்கக் கதை நாவலாகி, 1982இல் டாம் ஹாங்ஸ் நடித்த "மேசஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்" என்ற டிவி படமாகவும் ஆகிவிட்டது. விளையாடி விளையாடி மனம் பேதலித்த இளைஞன் கதை. ஜனங்க மனசில் நின்றது அந்தப் படம்தான்.

17/
1982இல் வர்ஜீனியாவில் இன்னொரு பையன் தற்கொலை. அவன் அம்மா பாட்ரிசியா புல்லிங். பள்ளியில் ஆடிய விளையாட்டில் மகன் மேல் போட்ட சாபம்தான் காரணம் என்று நம்பினார். பள்ளி முதல்வர் மேல் வழக்கு, பிறகு டி.எஸ்.ஆர். மேல் வழக்கு. இரண்டும் 1984இல் தள்ளுபடி. 1983இல் இந்த விளையாட்டை எதிர்த்து ஒரு அமைப்பையே தொடங்கினார். டிவி, காவல்துறைப் பயிற்சி வகுப்பு என எல்லா இடத்திலும் பேசினார். 1985இல் "60 மினிட்ஸ்" நிகழ்ச்சியிலும் வந்தது. அந்தப் பிரசாரத்தில் ஒரு மனநல மருத்துவரும் கூடவே நின்றார். அது எனக்கு ரொம்ப உறுத்துது.

18/
அந்த அம்மாவைக் கிண்டல் பண்ண எனக்கு வாய் வரலை. பிள்ளையைப் பறிகொடுத்தவங்களை வார்டு வாசலில் பார்த்திருக்கேன். "ஏன்?" என்ற கேள்வியோடு ஒரு ராத்திரிகூட இருக்க முடியாது. கையில் எது கிடைக்குதோ அதைப் பிடிச்சுக்குவாங்க. ஆனா டாக்டர் அப்படிச் செய்யக்கூடாது. டாக்டர் கணக்கு கேட்கணும்.

19/
என்ன கணக்கு? 1980களில் அமெரிக்காவில் 15 முதல் 24 வயதுக்குள் வருஷத்துக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 12 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அப்படின்னா அந்த வயசில் எந்தப் பத்து லட்சம் பேரை எடுத்தாலும், கால்பந்து ஆடுறவங்களோ கிட்டார் வாசிக்கிறவங்களோ, வருஷத்துக்கு சுமார் 120 மரணம் இருக்கும். டி அண்ட் டி ஆடியவர்களும் லட்சக்கணக்கில். எதிர்ப்பாளர்கள் பல வருஷம் தேடித் தொகுத்த பட்டியலில் இருந்ததோ சில டஜன் மரணங்கள்.

20/
அதனால "விளையாட்டு தற்கொலையைத் தடுக்குது"ன்னு நான் சொல்ல வரலை. அந்தப் பட்டியல் முழுமையானதும் இல்லை. ஆனா தொகுதி எண்ணை மட்டும் காட்டிவிட்டுப் பகுதி எண்ணை மறைத்தால் எதையும் கொலைகாரன் ஆக்கலாம். இட்லி சாப்பிட்டவங்களில் எத்தனை பேர் இறந்தாங்கன்னு கேட்கிற மாதிரி. விளையாடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? அதுதான் கேள்வி. 1990இல் மைக்கேல் ஸ்டாக்போல் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் உட்கார்ந்து இந்தக் கணக்கையெல்லாம் போட்டு விரிவாக எழுதினார். அமெரிக்கத் தற்கொலை ஆய்வுச் சங்கமும், நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியும் காரணத் தொடர்பு இல்லை என்றே முடிவுக்கு வந்தன.

21/
இருந்தும் பயம் ஜெயித்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அரக்கன், சாத்தான் என்ற பெயர்களையே கம்பெனி எடுத்துவிட்டது. பல வீடுகளில் பிள்ளைகளின் பெட்டியும் பகடையும் குப்பைக்குப் போயின.

எனக்கு அதைவிடப் பெரிய நஷ்டமாப் படுறது வேற. பத்து வருஷத்துக்கு மேல ஒரு நாடே "என்ன விளையாடினான்?" என்று கேட்டது. "தூங்கினானா? சாப்பிட்டானா? யார்கிட்டயாவது பேசினானா?" என்று கேட்க வேண்டிய நேரம் அது. 12ஆம் பதிவில் சொன்னேனே, வெளியே நல்லா இருந்து உள்ளே புள்ளி தீர்ந்துகிட்டு இருக்கிறவங்க. அவங்களைக் கண்டுபிடிக்கிற கேள்விகள் இவைதான்.

22/
பத்திரிகை என்ன ஆச்சு? பழியைத் தாண்டியும் ஓடியது. டி.எஸ்.ஆரை 1997இல் இன்னொரு கம்பெனி வாங்கியது. அச்சு இதழ் 2007 செப்டம்பரில் 359ஆம் இதழோடு நின்றது. கைகாக்ஸ் 2008இல் போனார், ஆர்னசன் 2009இல். கூச்சமுள்ள பிள்ளைகளைப் பேச வைக்க, சில மனநல ஆலோசகர்கள் இதே விளையாட்டைக் குழுச் சிகிச்சையில் பயன்படுத்துறாங்க. நாலு பேர் நேருக்கு நேர் உட்கார்ந்து, மூணு மணி நேரம் பேசி, சிரிக்கிற விளையாட்டு. தனிமையில் தவித்த அந்த 16 வயசுப் பையனுக்கு அது ஒருவேளை வாரத்தின் நல்ல நேரமாகவே இருந்திருக்கலாம்.

23/
உங்க வீட்டுப் பிள்ளை மொபைல் கேம் ஆடலாம், கிரிக்கெட் ஆடலாம், ஒன்னும் ஆடாமலும் இருக்கலாம். தூக்கம் மாறினா, சாப்பாடு குறைஞ்சா, நண்பர்களை விட்டு ஒதுங்கினா, பிடிச்சதெல்லாம் பிடிக்காமப் போனா, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. "சாகணும்னு தோணுதா?"ன்னு நேராவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் புதுசா வந்துடாது. பேச ஒரு வழி கிடைக்கும்.

டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் வாங்க.