துவிச்சக்கரவண்டிச் சுற்றுலாவின் தோற்றம்

துவிச்சக்கரவண்டிச் சுற்றுலாவின் வரலாற்றைப் பொறியின் வரலாறாகவே எழுதுவது வழக்கமாகிவிட்டது. 1885இல் வெளிவந்த 'றோவர்' வண்டியும் 1888இல் டன்லொப் உருவாக்கிய காற்றடைத்த றப்பர் ரயரும் பயணத்தை எளிதாக்கின என்பது உண்மையே. ஆயினும் அவற்றிற்கு முன்னரே, உயர்ந்த முன்சக்கரம் கொண்ட வண்டிகளின் காலத்தில், 1878இல் இங்கிலாந்தின் ஹரகேற் நகரில் சுற்றுலாக் கழகமொன்று தோன்றிவிட்டது. 1883 முதல் அது சைக்கிளோட்டிகள் சுற்றுலாக் கழகம் எனப்பட்டது. விடுதிகளோடு கட்டண ஒப்பந்தம் செய்தல், அபாயகரமான இறக்கங்களில் எச்சரிக்கைப் பலகை நாட்டல், வீதித் திருத்தத்திற்காகக் கிளர்ச்சி செய்தல் ஆகியன அதன் பணிகளாயின. புகையிரதத்தின் வருகையால் வெறிச்சோடியிருந்த நெடுஞ்சாலை விடுதிகள் இதனால் மீண்டும் வருவாய் கண்டன.

ஆனால் விடுதிக் கதவு யாருக்குத் திறக்கும் என்னும் வினா 1898இல் எழுந்தது. பாவாடையை விடுத்து அகன்ற காற்சட்டை அணிந்துவந்த ஹாபர்ட்டன் சீமாட்டிக்கு, சரே மாவட்டத்தின் ஒக்கம் என்னும் ஊரிலிருந்த விடுதியொன்று உணவறையை மறுத்து, மதுச்சாலையையொட்டிய அறையைக் காட்டியது. கழகம் வழக்குத் தொடுத்தது, 1899இல் தோற்றது. வேறோர் அறை அளிக்கப்பட்டமையால் உபசரிப்பு மறுக்கப்படவில்லையாம்! அவ்வாண்டிலே கழகத்தின் உறுப்பினர் தொகை 60,000ஐத் தாண்டியிருந்தது. பின்னர் மோட்டார் வண்டி வசதிபடைத்தோரை ஈர்த்துக்கொள்ள, அத்தொகை விரைந்து வீழ்ந்தது.