தில்லிச் சுற்றுலாவும் விடுபட்ட நான்காம் அத்தியாயமும்

வழிகாட்டுதலை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தெடுத்த மொழி தமிழ். பத்துப்பாட்டில் சரிபாதியான ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை நீங்கலான நான்கிலும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு வழி கூறுகிறான். அவ்வழியில் மலையும் ஆறும் மதிலும் உண்டு. அவற்றினும் மிகுதியாக மனிதர் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகர், எயினர், ஆயர், உழவர், வலைஞர் என ஒவ்வொரு குடியிருப்பும் வருகிறது. அங்கு வாழ்வோர் யார், அவர்கள் வழிப்போக்கனுக்கு இடும் உணவு எது என்பதும் உடன் வருகிறது. ஊரை அறிதலாவது ஊராரை அறிதலே என்பது பழம்புலவர் துணிபு எனலாம்.

இன்று தலைநகர் தில்லியைக் காணச் செல்வோர்க்குக் கிடைக்கும் அரைநாள் சுற்றுலா வேறு வகையினது. குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, இந்தியா வாயில், செங்கோட்டை, ஜும்மா மசூதி, ராஜ்காட் என ஆறேழு இடங்கள்; இடத்துக்கு அரைமணி, மிஞ்சினால் ஒரு மணி. வழிகாட்டி கூறுவன உயரம், ஆண்டு, அரசன் பெயர் ஆகிய மூன்றே. குதுப் மினாரின் உயரம் 72.5 மீட்டர், படிகள் 379. செங்கோட்டைக்குக் கால்கோள் 1639இல், நிறைவு 1648இல். ஜும்மா மசூதி 1656இல் முடிந்தது. சொன்னவை யாவும் உண்மை. கேட்டவர் பேருந்தில் ஏறி அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். அவ்விடங்களில் யார் வாழ்ந்தனர், யார் பாடினர், யார் மாண்டனர் என்ற வினாவுக்கு அந்த அரைநாளில் இடமில்லை.

இந்த மரபு எப்பொழுது தொடங்கியது? இதற்கு விடை தரும் நூல் ஒன்று உண்டு. அந்நூலின் வரலாறு தில்லியின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

கூடையில் தொங்கிய நூலாசிரியர்

பின்னாளில் அலிகர் கல்வி இயக்கத்தின் தந்தையெனப் பெயர் பெற்ற சையத் அகமது கான் 1817இல் தில்லியில் பிறந்தவர். கும்பினி ஆட்சியின் நீதித்துறையில் முன்சீப்பாகப் பணியாற்றிய இளமைக் காலத்தில் தில்லியின் பழங்கட்டடங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1847இல் ‘ஆசாருஸ் ஸனாதீத்’ என்னும் உருது நூலாக வெளிவந்தது. தில்லியின் கட்டடங்களை அளந்து, கல்வெட்டுகளைப் படியெடுத்து, நூற்றுக்கு மேற்பட்ட வரைபடங்களுடன் அந்நகரத்தான் ஒருவனே எழுதிய பெருநூல் அது.

குதுப் மினாரின் மேல்நிலைகளிலுள்ள எழுத்துகளைத் தரையில் நின்று படிக்க இயலாது. அதற்கு அவர் கண்ட வழி வியப்புக்குரியது. பொறிப்புகளின் உயரத்துக்குக் கம்புகளுக்கிடையே ஒரு கூடையைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் அமர்ந்தபடியே படியெடுத்தார். அவர் ஏறும் ஒவ்வொரு முறையும் கீழே நின்ற நண்பர் ஒருவரின் முகம் அச்சத்தால் வெளிறிப் போகும் என்று, சையத் அகமது கானின் வரலாற்றை 1901இல் எழுதி வெளியிட்ட கவிஞர் ஹாலி குறிக்கிறார்.

அந்த நண்பர் இமாம் பக்ஷ் சஹ்பாயி. பாரசீகக் கவிஞர், தில்லிக் கல்லூரியில் பாரசீகப் பேராசிரியர். நூலின் முதற்பதிப்புக்கு அவர் துணை பெரிது. அணிநயம் செறிந்த அதன் உரைநடையில் அவர் கை தெரிகிறது என்பர்.

சஹ்பாயிக்கு அப்பதவி கிட்டிய கதையைத் தில்லிக் கவிஞர்கள் பலகாலம் பேசினர். 1840களின் தொடக்கத்தில் கல்லூரிக்குப் பாரசீக ஆசிரியர் வேண்டியிருந்தபோது முதலில் அழைக்கப்பட்டவர் மிர்ஸா காலிப். பல்லக்கில் சென்ற காலிப், வழக்கப்படி ஆங்கில அதிகாரி வாயிலுக்கு வந்து வரவேற்பார் என்று காத்திருந்தார். வேலை கேட்டு வருபவருக்கு அந்த மரியாதை இல்லை என்று அதிகாரி கூறவே, இருக்கும் மதிப்பைக் குறைக்கும் வேலை தமக்கு வேண்டாம் என்று பல்லக்கைத் திருப்பிவிட்டார். சிறிய ஊதியத்துக்கு அப்பணியை ஏற்றுக்கொண்டவர் சஹ்பாயி. ஒருவர் தன்மானத்தைக் காத்தார். மற்றவர் வகுப்பறையைக் காத்தார். இருவருமே அந்நகரத்துக்கு வேண்டியவர்கள்.

நான்காம் அத்தியாயம்

‘ஆசாருஸ் ஸனாதீத்’ முதற்பதிப்பு நான்கு அத்தியாயங்கள் கொண்டது. முதலாவது நகருக்கு வெளியேயுள்ள கட்டடங்களையும், இரண்டாவது செங்கோட்டையையும், மூன்றாவது ஷாஜகான் அமைத்த நகரத்தையும் விரிக்கும். நான்காவது முழுவதும் மனிதர்களுக்கு உரியது. சூஃபி ஞானியர், மருத்துவர், மறைவல்லார், கவிஞர், எழுத்தழகுக் கலைஞர், ஓவியர், இசைவாணர் என அக்காலத் தில்லியின் சான்றோர் ஏறத்தாழ 120 பேர் அதில் இடம்பெற்றனர். காலிப் இருந்தார், சஹ்பாயியும் இருந்தார். மினாருக்கும் மசூதிக்கும் கொடுத்த அதே மதிப்பை வாழும் மனிதருக்கும் கொடுத்த வழிகாட்டி நூல் அது. தமிழின் ஆற்றுப்படை மரபை அறியாத ஒருவர், தம் ஊரின் மீது கொண்ட பற்றினாலேயே அந்நெறிக்கு வந்து சேர்ந்தார் என்பது எண்ணி மகிழத் தக்கது.

நூலின் படி ஒன்று ஆங்கில அதிகாரி ஒருவர் வழியாக இலண்டன் ராயல் ஆசியக் கழகத்தை எட்டியது. அங்குள்ள அறிஞர் ஆர்வம் காட்டினர். ஐரோப்பிய ஆராய்ச்சி முறைக்கேற்ப நூல் திருத்தப்பட்டு, 1854இல் இரண்டாம் பதிப்பு வந்தது. கட்டடங்கள் கால வரிசையில் நின்றன; அளவைகள் செம்மையாயின; அணிநடை போய் எளியநடை வந்தது. இத்தனை நன்மைகளோடு ஓர் இழப்பும் நேர்ந்தது. நான்காம் அத்தியாயம் நீக்கப்பட்டது.

கல் எஞ்சியது, மனிதர் விடுபட்டனர். மூன்றே ஆண்டுகளில் ஏட்டில் நடந்தது நாட்டிலும் நடந்தது.

1857: நகரம் வெறிச்சோடுதல்

1857 மே மாதம் மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் முதிய மன்னர் பகதூர் ஷா ஜபரைத் தலைவராக்கினர். செப்டம்பர் 14 அன்று தாக்குதல் தொடுத்த ஆங்கிலப் படை, 20ஆம் நாளுக்குள் நகரைக் கைப்பற்றியது. ஹுமாயூன் கல்லறையில் அடைக்கலம் புகுந்திருந்த மன்னர் அங்கே பிடிபட்டார். மறுநாள்களில் அவருடைய மைந்தர் இருவரும் பேரன் ஒருவரும் தில்லி வாயிலருகே சுட்டுக் கொல்லப்பட்டனர். மன்னரை விசாரித்த இடம் அவர் முன்னோர் மயிலணையில் வீற்றிருந்த திவானே காஸ் மண்டபம். 1858 ஜனவரி முதல் மார்ச் வரை விசாரணை நடந்தது. அக்டோபரில் அவரை ரங்கூனுக்கு நாடுகடத்தினர். கவிஞராகவும் விளங்கிய அம்மன்னர் 1862 நவம்பர் 7 அன்று அங்கேயே மறைந்தார்.

நகர மக்கள் வெளியேற்றப்பட்டனர். முதலில் இந்துக்களும், நெடுநாள் கழிந்தே முஸ்லிம்களும் திரும்ப விடப்பட்டனர். ஜும்மா மசூதி 1862இல்தான் தொழுகைக்குத் திருப்பித் தரப்பட்டது. தனியார் கைக்கு விற்கப்பட்ட ஃபத்தேபூரி மசூதி 1877 வரை காத்திருந்தது. கோட்டைக்குள் அரண்மனைப் பகுதிகள் பல இடிக்கப்பட்டுப் படைவீரர் குடியிருப்புகள் எழுந்தன. கோட்டைக்கு வெளியே, பீரங்கிக்குத் தடையிராதபடி, வீடுகளும் கடைத்தெருக்களும் மசூதிகளும் தரைமட்டமாயின. உருதுக் கடைத்தெரு, காஸ் கடைத்தெரு, கானம் கடைத்தெரு ஆகியவை மறைந்ததைக் காலிப் தம் கடிதங்களில் பெயர் சொல்லிப் புலம்புகிறார்.

செங்கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் இடையே இன்று காணும் விரிந்த வெளி இவ்வாறு பிறந்தது. இரு மாளிகைகளையும் ஒருங்கே படம்பிடிக்க ஏற்ற இடம் என்று பயணியர் மகிழ்வர். ஷாஜகான் அந்த வெளியை அமைக்கவில்லை. அங்கே நெருக்கமாக மக்கள் வாழ்ந்த தெருக்கள் இருந்தன. வெற்றிடமும் ஒரு நினைவுச் சின்னமே. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை என்பதே வேறுபாடு.

ராஜ்காட் வழியில்

கோட்டையைக் கண்டபின் சுற்றுலாப் பேருந்து தரியாகஞ்சை ஒட்டி ராஜ்காட்டை நோக்கிச் செல்லும். தரியாகஞ்சின் உட்பகுதியில் கூச்சா சேலான் என்றொரு தெருக்கூட்டம். கற்றோரும் கவிஞரும் மிகுந்து வாழ்ந்த இடம். சஹ்பாயியின் வீடும் அங்கேயே இருந்தது. நகரம் வீழ்ந்த நாள்களில் அத்தெருவைச் சூழ்ந்த படையினர் ஆண்களைப் பிடித்துச் சென்றனர். யமுனைக் கரையில், ராஜ்காட் வாயிலுக்கு வெளியே, அவர்களை வரிசையில் நிறுத்திச் சுட்டனர் என்பது தப்பியோர் வாயிலாக வந்த செய்தி. மாண்டவர்களுள் சஹ்பாயியும் அவருடைய மைந்தரும் இருந்தனர். நண்பன் கூடையிலிருந்து விழுந்துவிடக் கூடாதே என்று மினாரின் அடியில் நின்று அஞ்சிய முகம் ஆற்று மணலில் வீழ்ந்தது.

அதே ராஜ்காட் என்னும் பெயர் 1948 ஜனவரி 31 முதல் உலகுக்கு வேறு பொருள் தந்தது. அண்ணல் காந்தியின் உடல் எரியூட்டப்பட்ட யமுனைக்கரை அது. கருஞ்சலவைக்கல் மேடையருகே அமைதியாக நிற்கும் பயணியர், வன்முறைக்குப் பலியான ஒருவரை வணங்குகின்றனர். அக்கரையில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பலியான பெயரற்றோரும் அவ்வணக்கத்துக்கு உரியவர்களே.

சையத் அகமது கான் அப்போது பிஜ்னூரில் பணியில் இருந்தார். அங்கிருந்த ஆங்கிலேயரின் உயிரைக் காத்தவர் அவர். நகரம் வீழ்ந்தபின் தில்லிக்கு விரைந்த அவர் தம் அன்னையைக் கண்டபோது, அவ்வம்மையார் குதிரைக்கிட்ட தானியத்தை உண்டு, குடிநீருமின்றி ஒளிந்திருந்தார். மீரட்டுக்கு அழைத்துச் சென்றும் சிறிது காலத்துக்குள் அன்னை மறைந்தார். தில்லியின் கற்களை அளந்தவருக்கு அந்நகரம் விட்டுவைத்த உறவுகள் மிகச் சில.

மீண்டும் எழுதப்பட்ட அத்தியாயம்

நீக்கப்பட்ட அத்தியாயம் அத்தோடு அழிந்துவிட்டதா? இல்லை. அதைக் கவிஞர்கள் மீண்டும் எழுதினர்.

‘தில்லி உருது அக்பார்’ இதழாசிரியர் மௌல்வி முகம்மது பாகர் 1857 செப்டம்பரில் ஆங்கிலேயரால் கொல்லப்பட்டார். அவர் மகன் முகம்மது உசேன் ஆசாத் குடும்பத்தோடு வீட்டைவிட்டு விரட்டப்பட்டபோது, பொன்னையும் பொருளையும் விடுத்து, தம் ஆசிரியர் சவுக்கின் கவிதைக் கையெழுத்துக் கட்டை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார். பொருளை மீண்டும் ஈட்டலாம், ஆசானின் கவிதைகளை யார் தருவார் என்பது அவர் எண்ணம். பின்னர் லாகூரில் வாழ்ந்து, 1880இல் ‘ஆபே ஹயாத்’ என்னும் உருதுக் கவிதை வரலாற்றை வெளியிட்டார். காலிப் பல்லக்கைத் திருப்பிய கதை வாழ்வது அந்நூலில்தான். ஹாலியும் 1897இல் காலிப்பின் வரலாற்றைத் தந்தார். செய்திகளில் ஆசாத் சில இடங்களில் தவறினார் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். கூறட்டும். அவர் எழுதாவிடில் அந்தக் கவியரங்குகளின் ஓசையே நமக்கு எட்டியிராது.

காலிப் சுவர் எழுப்பியவரல்லர். சொந்த வீடும் இல்லாதவர். பல்லிமாரான் பகுதியில் காசிம் ஜான் சந்தில் வாடகை வீட்டிலேயே 1869 பிப்ரவரி 15 அன்று மறைந்தார். 1857இல் அச்சந்து பெரும்பாலும் தப்பியது. அங்கு வாழ்ந்த மருத்துவர்கள் பாட்டியாலா மன்னரைச் சார்ந்தவர்கள் ஆதலின் அம்மன்னரின் காவலர் வாயிலில் நின்றனர். மருத்துவர் பொருட்டு வந்த காவல் கவிஞரையும் காத்தது. பிற்காலத்தில் அவ்வீடு கடைகளின் கையில் சிக்கிக் கிடந்தது. ஆர்வலர் முயற்சியால் அதன் ஒரு பகுதி மீட்கப்பட்டு 2000ஆம் ஆண்டில் நினைவில்லமாயிற்று. செங்கோட்டையிலிருந்து சாந்தினி சவுக் வழியே நடந்தால் அரைமணித் தொலைவுதான்; ஆயினும் பேருந்து நுழைய முடியாத சந்து ஆதலால் அரைநாள் சுற்றுலாவில் அதற்கு இடமில்லை.

அரைநாள் சுற்றுலாவைப் பழிப்பதில் பயனில்லை. நெடுந்தொலைவிலிருந்து வருவோர்க்கு அது ஒரு வாயில். குதுப் மினாரின் உயரத்தை அறிந்தவர், அதன் அடியில் நின்று நண்பனுக்காக அஞ்சிய கவிஞனையும் அறிவாராயின் அந்த உயரம் அவர் நெஞ்சில் நிற்கும். அந்த இரண்டாம் செய்தியைச் சொல்லும் கடமை எழுத்தாளரைச் சார்ந்தது.

இலக்கிய வட்டங்களுக்கும் இதில் பாடம் உண்டு. ஒரு வட்டம் பத்தாண்டு நிறையும்போது கூட்டங்களின் எண்ணிக்கையும் வெளியீடுகளின் பட்டியலும் எளிதில் தொகுக்கப்பெறும். அவை அளவைகள்; வேண்டியவையே. ஆனால் முதற்கவிதையை நடுங்கும் குரலில் படித்தவர், அதைத் திருத்திக் கொடுத்த முதியவர், கூட்டத்துக்குப் பாய் விரித்தவர், இடையிலேயே மறைந்துபோனவர் ஆகியோரின் பெயர்கள் எழுதப்படாவிடில், அடுத்த பதிப்பில் அவர்களுக்கு இடமிராது. நான்காம் அத்தியாயத்தை அவ்வவ்வூர்க் கவிஞரே எழுதிவைத்தல் வேண்டும்; அதுவும் உடனிருந்தோர் வாழும் காலத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும்.